இருமல் மலையின் பதினோரு பேர்

சாயம் ஏற்றுவது எப்படி, லென்ஸைத் துடைப்பது எப்படி என்பதெல்லாம் லேப் டெக்னீஷியன்களான உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். அதற்குள் நான் போகப்போவதில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் மைக்ராஸ்கோப்பில் சளி பார்த்தவள் நான். பெங்களூர் நீலசந்திராவில் பிறந்து, லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, இருபத்திரண்டு வயதில் ஒரு மலைக்கு வேலைக்குப் போனேன். ஒரு ரிப்போர்ட்டின் அடியில் நாம் போடும் கையெழுத்து யாருடைய வீட்டுக் கதவைத் திறக்கும், யாருடைய வீட்டை இடிக்கும் என்பதை அந்த மலைதான் எனக்குக் காட்டியது. அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பெங்களூருக்கு வடக்கே, பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். வெள்ளைக்காரர்கள் காலத்தில் கண்டோன்மென்ட்டில் காய்ச்சலில் விழுந்த துரைமார் காற்று மாறுவதற்காகக் கட்டிய பெரிய பங்களா ஒன்று அங்கே உண்டு. பிறகு ஒரு ட்ரஸ்ட் அதை வாங்கி, கிழக்குப் பார்த்த நீள வராந்தாவில் கட்டில் போட்டு, டி.பி. சானடோரியம் ஆக்கியது. அடிவாரத்து ஜனங்கள் அதைக் கன்னடத்தில் ‘கெம்மு பெட்டா’ என்பார்கள். இருமல் மலை என்று அர்த்தம். கேலியாகத்தான் அந்தப் பெயர் வந்தது.

பங்களாவுக்குக் கீழே, சரிவில், ஒரே வரிசையாகச் சில ஓட்டு வீடுகள். அதற்குக் கீழ்லைன் என்று பெயர். குணமான பிறகும் வீட்டுக்குப் போக முடியாதவர்கள் கட்டிக்கொண்ட வீடுகள் அவை. அண்ணன் வந்து கூட்டிப்போவான் என்று காத்திருந்து அண்ணன் வராதவர்கள், ஊருக்குப் போய்த் தண்ணீர்க் குழாயில் கை வைக்க விடாமல் விரட்டப்பட்டுத் திரும்பி வந்தவர்கள். சானடோரியத்திலேயே சமையல், துணி வெளுப்பது, தோட்டம், தையல் என்று வேலை செய்தார்கள். தங்களுக்குள்ளேயே கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். பிள்ளை பெற்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நோய் கிடையாது. ஆனாலும் அடிவாரப் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் தனிப் பாய் போட்டார்கள். பஸ் டிரைவர் மலைத் திருப்பத்தில் நிறுத்தமாட்டார், ஒரு ஃபர்லாங் தள்ளித்தான் நிறுத்துவார். ஒருநாள் கீழ்லைன் பெண்கள் எட்டுப் பேர் காலை முதல் பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார்கள். கையெடுத்துக் கும்பிடவில்லை, கோஷம் போடவில்லை. வெங்காயம் உரித்தார்கள். மறுநாளிலிருந்து பஸ் திருப்பத்தில் நின்றது.

அந்த யோசனை சரோஜாவுடையது. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் என் தப்பைச் சொல்ல வேண்டும்.

சரோஜா பெங்களூர் ஜோகுபாளையத்துக்காரி. கார்மென்ட்ஸில் தையல் வேலை. நோய் வந்ததும் புருஷன் மலையில் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனான். மாதம் ஒருமுறை வந்து பார்த்துக்கொண்டும் இருந்தான். இரண்டு தடவை அவள் சளியில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. மூன்றாவது தடவையும் அப்படியே வந்தால் வீட்டுக்கு அனுப்புவது அங்கே வழக்கம். அந்த மூன்றாவது ஸ்லைடைப் பார்த்தது நான்தான். வேலையில் சேர்ந்து நாலு மாதம்.

அதே வாரம் சரோஜம்மா என்று இன்னொருத்தி வார்டில் சேர்ந்திருந்தாள். ஸ்லைடில் கட்டில் நம்பரைக் கீறியிருப்பது வழக்கம். நான் நம்பரைப் பார்க்காமல் பேரை மட்டும் பார்த்து எழுதினேன். புதிதாக வந்தவளின் கிருமி சரோஜாவின் கணக்கில் ஏறிவிட்டது. புதியவளுக்கு எப்படியும் மருந்து தொடரும், அதனால் அவளுக்குச் சேதமில்லை. சரோஜாவை மட்டும் இன்னும் இரண்டு மாதம் நிறுத்திக்கொள்வதாக அவள் புருஷனுக்குக் கடிதம் போனது.

இரண்டு மாதம் கழித்துப் பழைய ஸ்லைடுகளைப் பெட்டியில் அடுக்கும்போதுதான் நம்பரைப் பார்த்தேன். நேராகப் பெரிய டாக்டரிடம் போனேன். அவர் மலையிலேயே தங்கி வயதானவர். அத்தனை நோயாளிகளின் வீட்டுக் கதையும் அவருக்குத் தெரியும். நான் சொன்னதைக் கேட்டு அவர் திட்டவில்லை.

“ரிப்போர்ட்டைத் திருத்தி, ஏன் திருத்தினேன்னு பக்கத்துலயே எழுதி வை,” என்றார். “அவகிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் வரமாட்டேன்.”

போனேன். சரோஜா வராந்தாவில் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும்வரை பின்னலை நிறுத்தவில்லை.

“போன வாரம் என் தம்பி வந்தான்,” என்றாள். “எங்க வூட்ல இப்ப வேற ஒருத்தி கீறாளாம். ரெண்டு மாசம் ஆச்சின்னு சொன்னான்.”

பின்னல் நுனியை முடிந்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நீ சொல்லாம இருந்திருந்தா, லேப்புல ஒரு நல்ல பொண்ணு கீதுன்னு நெனச்சினு இருந்திருப்பேன். இப்ப அதுவும் இல்ல. போ.”

ஒரு வருடம் அவள் என்னோடு பேசவில்லை. வீட்டுக்குப் போகாமல் கீழ்லைனில் தங்கினாள். சானடோரியத்துச் சமையற்கட்டில் சேர்ந்தாள். பிறகு கோவிந்தப்பா என்ற தோட்டக்காரரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அவரும் அங்கே குணமானவர்தான். கோலார் பக்கத்துக் கன்னடக்காரர், அதிகம் பேசாதவர். கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டாள். சாப்பிடும்போது, “ரெண்டு மாசத்துல வேறொருத்திய கூட்டினு வர்றவன் என்னிக்கானாலும் கூட்டினுதான் வருவான்,” என்றாள். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாளா, தன்னையா என்று தெரியாது. அவள் அப்படிச் சொன்னதை வைத்து நான் தப்பித்துக்கொள்ளவில்லை. நீங்களும் இப்படி யாராவது பெருந்தன்மையாகச் சொன்னால் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளாதீர்கள். அன்றிலிருந்து பேருக்கு முன்னால் நம்பரைப் பார்க்கிறேன். இன்றைக்கு மளிகைச் சீட்டைக்கூட அப்படித்தான் படிக்கிறேன்.

சில வருடம் போனது. நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன, வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று ஆனது. மலையில் கட்டில்கள் காலியாயின. அது நல்ல விஷயம்தான். ட்ரஸ்ட் சானடோரியத்தை மூடத் தீர்மானித்தது. அதிலும் தப்பில்லை. கட்டடத்தைக் காலி பண்ணிச் சாவி கொடுக்க ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்துவிட்டார்கள், அங்கேதான் சிக்கல் வந்தது. அப்போது வார்டில் இன்னும் சில பேர் இருந்தார்கள். அவர்களில் நாலு பேர் சளியில் கிருமி இருந்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் அவர்களுக்குக் கட்டில் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும் என்று பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெரிய டாக்டர் லேப்புக்கு வந்தார். அவர் எப்போதும் நின்றுகொண்டே பேசுகிறவர். அன்றைக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அந்த நாலு பேருக்கும் நெகட்டிவ்னு எழுதிடும்மா.”

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

“மருந்து கையில குடுத்துதான் அனுப்பறேன். ஊர்ல டிஸ்பென்சரிக்கு லெட்டர் தரேன். ஒரு மாசத்துல எப்படியும் நெகட்டிவ் ஆயிடுவாங்க. ஒரு மாசம் முன்னாடியே எழுதறோம், அவ்வளவுதான். எனக்கு வேற வழி தெரியல, யசோதரா.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பொய்யெழுதச் சொல்லுகிறவன் சினிமா வில்லன் மாதிரி வருவான் என்று நினைக்காதீர்கள். நீங்கள் மதிக்கிற ஆள்தான் வருவார். உங்கள் தப்பைப் பெரிதுபடுத்தாமல் காப்பாற்றியவர், களைத்துப்போய், கண்ணைப் பார்க்காமல், நியாயம் மாதிரியே இருக்கிற ஒன்றைச் சொல்வார். எனக்கு அப்பா மாதிரி இருந்தவர் அவர். பேனா மேசையில்தான் இருந்தது. எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இல்லை என்று இன்று உங்களிடம் சொன்னால் அதுவும் பொய்தான்.

“சரோஜாகிட்ட நீயே போய்ச் சொல்லுன்னு அன்னிக்கு என்னை அனுப்பினீங்க சார்,” என்றேன். “இந்த நாலு பேர் வீட்லயும் பசங்க இருக்காங்க. அந்தப் பசங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரை அனுப்புவீங்க?”

அவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் ட்ரஸ்ட் செக்ரட்டரி காரில் வந்தார். லேப் வாசலில் நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஒரு டெக்னீஷியனுக்காக முழு ட்ரஸ்ட்டும் நிக்கணுமா?” என்று கேட்டார்.

ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்து, வெளிச்சத்தைச் சரிபண்ணி, எழுந்து இடம் விட்டேன்.

“நீங்களே வந்து பாருங்க சார். நீலத்துல செவப்பா குச்சி குச்சியா தெரியும். இல்லன்னு உங்க கண்ணுக்குத் தெரிஞ்சா நீங்களே கையெழுத்து போடுங்க.”

“நான் உள்ள வரமாட்டேன்.”

“ஏன் சார்?”

அந்த வாசப்படியைத் தாண்டப் பயப்படுகிறவர், அதே கிருமியோடு நாலு பேரைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறார். அதை அவரிடமே சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. பின்னால் காரிடாரில் சரோஜா பருப்புக் குண்டானோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மற்றவர்கள் போனார்கள். சமையற்கட்டைப் பூட்டினார்கள். என்னை வேலையிலிருந்து விடுவித்து ஒரு தாள் கொடுத்தார்கள். அனுபவச் சான்றிதழ் கேட்டேன், தரவில்லை. கிருமி உண்டு என்ற ரிப்போர்ட் இருந்ததால் அனுப்ப வழியில்லாமல், அந்த நாலு பேரும் வராந்தாவிலேயே இருந்தார்கள். ஏழு வாரம். அவர்களுக்கு மூன்று வேளையும் கீழ்லைனிலிருந்து சாப்பாடு ஏறியது. சரோஜா வீட்டு அடுப்பில் சமைத்தாள். கோவிந்தப்பா தூக்கிக்கொண்டு படியேறினார். பெரிய டாக்டர் லீவு போட்டுவிட்டுப் போனவர் பத்து நாளில் திரும்பி வந்து, சம்பளமில்லாமல், ஏழு வாரமும் முடியும்வரை அவர்கள் கூடவே இருந்தார். அவர்களைப் பார்க்க நான் போனபோதெல்லாம் என்னோடு மட்டும் பேசவில்லை. நாலு பேரில் ஒருவர் ஐந்தாவது வாரம் அங்கேயே இறந்துபோனார். இரண்டு பேர் குணமாகி வீட்டுக்குப் போனார்கள். ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது.

சான்றிதழ் இல்லாததால் எனக்கு இரண்டு வருடம் நல்ல வேலை கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தது, ஓய்வு பெறும்வரை அதே இடத்தில் இருந்தேன். பெரிய டாக்டரை ஒரே ஒருமுறை அல்சூர் மார்க்கெட்டில் பார்த்தேன். கையில் கீரைக்கட்டு. “நல்லா இருக்கியாம்மா?” என்று கேட்டார். “இருக்கேன் சார்,” என்றேன். அவர் கீரைக்கட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். அவரை நான் மன்னித்தேனா என்று என் மகள் கேட்பாள். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் அவருக்குத் திருப்பிச் சொன்னேன். அதில் மன்னிக்க என்ன இருக்கிறது.

இனி சமீபத்துக் கதை. இதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒருநாள் காலை சரோஜாவிடமிருந்து போன். அவளுக்கு இப்போது எழுபதுக்கு மேல்.

“யசோ, நம்மள திரும்ப நோயாளி ஆக்கிட்டானுங்கடி. வந்து பாரு.”

போனேன். பங்களாவை ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்திருந்தது. வெல்னஸ் ரிசார்ட் வரப்போகிறதாம். மூச்சுப் பயிற்சி, மூலிகைக் குளியல், மலைக்காற்று. மலைக்காற்றை விற்க வந்தவர்களுக்குக் கீழ்லைன் கண்ணை உறுத்தியது. இத்தனை வருடம் அங்கே குடியிருந்தவர்களைச் சுலபமாகக் கிளப்ப முடியாது. அதனால் வேறு வழி பிடித்தார்கள். குடியிருப்பவர்களுக்கு டி.பி. இருக்கிறது, பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து, உடனே காலி செய்ய வேண்டும் என்று தாலுகா ஆபீஸில் மனு. மனுவோடு பெங்களூர் லேப் ஒன்றின் ரிப்போர்ட். பதினோரு பெயர். பதினோரு பேர் சளியிலும் கிருமி.

“யாராவது வந்து சளி எடுத்தாங்களா?” என்று கேட்டேன்.

“கொசு மருந்து அடிக்கவே ஒருத்தன் வர்றதில்ல. சளி எடுக்க வருவானா?” என்றாள் சரோஜா.

அவள் வீட்டு வாசலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருந்ததால் நான் ஒவ்வொரு பெயராகப் படித்தேன். பெயர் வரும்போது அவரவர் கை தூக்கினார்கள், பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல. ஐந்தாவது பெயரைப் படித்தேன்.

“கோவிந்தப்பா.”

யாரும் கை தூக்கவில்லை. சரோஜா உள்ளே திரும்பிச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். நாலு வருடம் முன்னால் மாரடைப்பில் போனவர் அவர்.

“இன்னொரு வாட்டி படி,” என்றாள்.

படித்தேன். பெயர், வயது, ‘கிருமி உள்ளது’. பழைய வாக்காளர் பட்டியலிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறார்கள். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். சரோஜா சிரிக்கவில்லை. “தாலுகா ஆபீஸ்ல இத நாந்தான் சொல்லுவேன். வேற யாரும் சொல்லக்கூடாது,” என்றாள்.

ரிப்போர்ட்டின் அடியில் ஒரு டெக்னீஷியனின் பெயர் இருந்தது. அவளைத் தேடிப் போனேன். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம், மேம்பாலத்துக்குக் கீழே இருந்த லேப். அவள் உங்களில் ஒருத்தி, உங்கள் வயது. பெயர் வேண்டாம். பி.ஜி. ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். டீக்கடையில் நின்று பேசினோம்.

“நான் அந்த ஸ்லைடப் பாக்கவே இல்ல மேடம். ஸ்லைடே வரல. என்னோட சைன் சிஸ்டம்ல இருக்கு. ரிப்போர்ட் வந்தா அதுவே விழுந்துடும்.”

“உனக்குத் தெரிஞ்சுதான் விழுந்ததா?”

“பிறகுதான் பார்த்தேன்.”

“பார்த்து?”

அவள் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஸ்லைடு வரலன்னு ஒரு தாள்ல எழுதித் தருவியா?”

“வேலை போயிடும் மேடம்.”

“போகும்,” என்றேன். “எனக்குப் போச்சு.”

நான் நயமாகப் பேசியிருக்கலாம். பேசவில்லை. அவள் எழுதித் தரவில்லை. திரும்பும் பஸ்ஸில் சில்க் போர்டு ஜங்ஷன் வரைக்கும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அவள் மேல் பாதி, டீக்கு நான் காசு கொடுத்துவிட்டு வந்தேனே என்று என் மேல் பாதி. இப்போது யோசித்தால், என் காலத்தில் பேனாவை எடுப்பதற்கு முன் ஒரு நிமிஷமாவது எனக்குக் கிடைத்தது. உங்களுக்கு அதுவும் இல்லை. உங்கள் கையெழுத்து உங்களைக் கேட்காமலே வேலைக்குப் போய் வருகிறது. அதனால்தான் சொல்கிறேன், அது எங்கெங்கே போகிறது என்று வாரம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். பார்க்காத ஸ்லைடில் உங்கள் பெயர் இருந்தால் அன்றைக்கே எழுத்தில் மறுப்புக் கொடுங்கள். பிறகுதான் பார்த்தேன் என்பது ஒரு நாளைக்குத்தான் செல்லும்.

விசாரணை நாளில் கீழ்லைன் முழுக்கத் தாலுகா ஆபீஸுக்கு வந்தது. தாசில்தார் கன்னடக்காரர், கண்டிப்பான பெண். கம்பெனி வக்கீல் ரிப்போர்ட்டை நீட்டிப் பேசினார். பேசி முடித்ததும் சரோஜா எழுந்தாள். தமிழிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றிப் பேசினாள். நாற்பது வருடம் கோவிந்தப்பாவோடு இருந்தவளுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு.

“மேடம், இந்தத் தாள்ல அஞ்சாவது பேரு என் வூட்டுக்காரரு. அவரு செத்து நாலு வருஷம் ஆவுது. போன மாசம் எங்க வந்து துப்பிட்டுப் போனாருன்னு இவரக் கேட்டுச் சொல்லுங்க. நானும் போயி ஒரு வாட்டி பாத்துட்டு வரேன்.”

வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். ஒரு பெயர் தட்டச்சில் தவறி விழுந்திருக்கலாம், மற்ற பத்துப் பேர் விஷயம் அப்படியே நிற்கிறது என்றார். பிறகு, கீழ்லைன் பக்கம் சாட்சியாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துத் திரும்பினார்.

“நீங்கள் அனுபவசாலி. இந்தப் பத்துப் பேருக்கும் இனி ஒருக்காலும் டி.பி. வராது என்று உறுதியாகச் சொல்வீர்களா?”

பத்துப் பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஆமாம் என்ற ஒரு சொல்தான். அதைச் சொன்னால் அன்றைக்கே முடிந்துவிடும் போலிருந்தது. சரோஜாவின் கண் சொல்லு சொல்லு என்றது.

“சொல்ல முடியாது,” என்றேன்.

பின்னால் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது. வக்கீல் உட்காரப் போனார்.

“அவங்களுக்கும் சொல்ல முடியாது, எனக்கும் சொல்ல முடியாது, உங்களுக்கும் சொல்ல முடியாது சார். அது யாரை வேணா பிடிக்கும். இன்னிக்கு இவங்களுக்கு இருக்கா இல்லையான்னு மட்டும்தான் ஒரு லேப் சொல்ல முடியும். அதுக்குச் சளி வேணும். இந்த ரிப்போர்ட்டுக்குச் சளியே எடுக்கல. கவர்ன்மென்ட் சென்டர்ல எடுக்கச் சொல்லுங்க மேடம். எல்லார் கண்ணு முன்னாலயும் எடுக்கட்டும்.”

தாசில்தார் பேனாவை எடுத்தார். “ஆய்த்து,” என்றார். ஆகட்டும் என்று அர்த்தம். அரசு மையத்தில் பரிசோதிக்க உத்தரவு எழுதினார்.

வெளியே வந்ததும் சரோஜா என்னைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு வார்த்த ஆமான்னு சொன்னா இன்னா கொறஞ்சிடும் உனக்கு?”

“அப்புறம் அவங்க ரிப்போர்ட்டுக்கும் என் பேச்சுக்கும் இன்னா வித்தியாசம்?”

அவள் முறைத்தாள். அன்று மத்தியானம் முழுக்க என் பக்கத்தில் உட்காரவில்லை.

சளி எடுத்த நாளை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. பத்துப் பேர் கையிலும் பிளாஸ்டிக் டப்பா. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வெட்டவெளியில் வரிசையாக நின்று எல்லோரும் முக்குகிறார்கள், காறுகிறார்கள். பாதிப் பேருக்கு ஒன்றுமே வரவில்லை. சுத்தமான நுரையீரலில் சளிக்கு எங்கே போவது?

“அப்பல்லாம் வேணாம் வேணாம்னா வந்துனே இருக்கும்,” என்றாள் சரோஜா, காலி டப்பாவை ஆட்டிக்கொண்டு. “இப்ப வேணும்னு கெஞ்சறேன், வரமாட்டேங்குது.”

சளி வந்தவர்களுக்குக் கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. வராதவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். கம்பெனி வக்கீல் அந்தப் படங்களில் இருந்த வெள்ளைத் திட்டுகளைக் காட்டி, இதோ நோய் என்றார். அங்கிருந்த அரசு டாக்டர் இளம்பிள்ளைதான், முப்பது வயதுகூட இருக்காது. “அது ஆறிப்போன தழும்பு. இவர்களுக்கு இப்போது நோய் இல்லை,” என்று சொல்லி, அதையே எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அவரை யாரும் வற்புறுத்தாமல் இருந்திருக்கமாட்டார்கள். அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கையெழுத்து நேராக, படிக்கிற மாதிரி இருந்தது.

சுகாதாரம் என்று சொல்லிக் கிளப்பும் மனுவைத் தாசில்தார் தள்ளுபடி செய்தார். பொய் ரிப்போர்ட் கொடுத்ததற்கு லேப்பிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. அதற்கு இன்னும் பதில் இல்லை. கம்பெனி சும்மா இருக்கவில்லை. இப்போது ரோட்டை அகலப்படுத்த வேண்டும், அதற்குக் கீழ்லைன் இடைஞ்சல் என்று புது நோட்டீஸ். ரிசார்ட்டின் விளம்பரப் பலகை ஒன்று அடிவாரத்தில் வைத்திருக்கிறார்கள். மனித வாடையே படாத மலை என்று அதில் எழுதியிருக்கிறது. கீழ்லைன் பெண்கள் அந்தப் பலகைக் கம்பங்களுக்கு நடுவே கயிறு கட்டித் துணி காயப் போடுகிறார்கள். கம்பெனி ஆள் வந்து அவிழ்த்துவிட்டுப் போவான். மறுநாள் மறுபடி கட்டுவார்கள்.

எவ்வளவு நாளைக்கு என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாததை நான் எழுதுவதில்லை. ஜெயிப்போம் என்றும் சொல்லமாட்டேன். அந்தப் பத்துப் பேர் வீட்டிலும் அடுப்பு எரிகிறது, அது தெரியும்.

உங்களிடம் ஊர்வலத்துக்கு வா, கொடி பிடி என்று நான் கேட்கவில்லை. வருகிற திங்கட்கிழமை அந்த ரோட்டு நோட்டீஸுக்கு வாய்தா. நாங்கள் போகிறோம். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் உங்கள் ஸ்டூலை விட்டு எழ வேண்டாம். அங்கேயே உட்காருங்கள். யார் வந்து வாசலில் நின்றாலும், எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், எவ்வளவு பெரிய கார் வந்தாலும், கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். பார்க்காததற்குக் கையெழுத்து கேட்டால், உள்ளே வந்து பார்க்கச் சொல்லுங்கள்.